அடுத்த கோழி

"செத்தவங்களைப் பிடிச்சுட்டா, அவங்கதான் அடுத்த கோழியா அம்மா?"

யாரெலி இப்படிக் கேட்டபோது, பிரிஹிதா இறந்துபோன தன் அக்காவின் சட்டைக் கழுத்தில் கடைசிப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் நின்றுவிட்டன. மகளுக்கு அன்றைக்குத்தான் ஏழு வயது நிறைந்திருந்தது. பிறந்தநாள் கவுனை இன்னும் மாற்றவில்லை. மணிக்கட்டில் பெரியம்மாவின் வெள்ளைக் கைக்குட்டை சுற்றிக் கிடந்தது. மத்தியானம் விளையாட்டில் மகளின் கண்ணைக் கட்டிய கைக்குட்டை.

"போய் அப்பாகிட்ட உட்காரு" என்றாள் பிரிஹிதா.

"நான் பேரைச் சரியாத்தானே சொன்னேன்?"

பிரிஹிதா அந்தப் பொத்தானை மாட்டி முடித்தாள். அக்கா காசில்தாவின் வலது கையை எடுத்து இடது கையின் மேல் வைத்தாள். வளைந்த சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியே நின்றது.

அன்று காலையில் இந்தக் கைதான், பிறந்தநாளில் தொங்கவிட்டு அடித்து உடைக்கும் பினியாத்தாவுக்குக் காகிதம் ஒட்டியது. நட்சத்திர வடிவம், ஏழு கூம்பு. உள்ளே கடலையும் மிட்டாயும் கரும்புத் துண்டும் போட்டாயிற்று. கமலா ஆரஞ்சு மட்டும் வாங்கவில்லை.

"இடது தோள் ஒரு மாதிரி வலிக்குதுடி" என்றாள் காசில்தா.

"ராத்திரி பூரா மெஷின்ல உட்கார்ந்து கவுன் தைச்சா வலிக்காம என்ன செய்யும்? சந்தை அஞ்சு நிமிஷம்க்கா. நடந்தா சரியாயிடும். நான் அடுப்பை விட்டு எப்படிப் போவேன்?"

"மகாராணி உத்தரவு" என்று சிரித்துவிட்டுக் காசில்தா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் குருட்டுக் கோழி விளையாட்டு தொடங்கியது. கோழியின் கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றி விடுவார்கள். அது கையில் சிக்கிய ஆளைத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் சிக்கியவர்தான் அடுத்த கோழி. யாரெலியின் முறை வந்தது. பிள்ளைகள் எட்டுப் பேரும் சுவரோரமாக ஒதுங்கி வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளோ அவர்களை விட்டுவிட்டு, யாருமே இல்லாத துவைகல் பக்கம் நடந்தாள்.

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. சாக்லேட் கிண்டிய கரண்டியோடு பிரிஹிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

யாரெலியின் கைகள் காற்றில் எதிலோ முட்டி நின்றன. மெல்ல மேலே போயின. பிறகு ஒரு கையின் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டே இறங்கின. ஒவ்வொரு விரலாக எண்ணுவதுபோல் நகர்ந்து, கடைசியில் எதையோ பற்றிக்கொண்டன.

"பெரியம்மா!"

"அங்க யாரும் இல்லடி, லூசு" என்று சிரித்தாள் ஒரு சிறுமி.

யாரெலியும் சிரித்தாள். அவள் தலையில் புடைத்து நின்ற ரிப்பன், ஓர் உள்ளங்கை படிந்ததுபோல மெல்ல அமுங்கியது. பிறகு தானாக எழுந்தது.

கரண்டியைக் கீழே போட்டதே பிரிஹிதாவுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் கமலா ஆரஞ்சுத் தோலின் வாசனை அடித்தது. வீட்டில் அன்று ஒரு கமலா ஆரஞ்சுகூட இல்லை.

பத்து நிமிடத்தில் வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு எலோதியா வந்தாள். சந்தையில் பழம் விற்பவள், காசில்தாவின் சிநேகிதி. அவள் கையில் காசில்தாவின் பை இருந்தது. பிள்ளைகளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பிரிஹிதா, அடுப்பை அணைச்சுட்டு என்கூட வா."

"என்ன ஆச்சு?"

"முதல்ல அடுப்பை அணை."

மாலையில் உடலைக் கூடத்தில் கிடத்தி, நான்கு மெழுகுவர்த்தி ஏற்றி, தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்ட பிறகுதான் எலோதியாவால் பேச முடிந்தது. "ஒரு பொண்ணுக்குக் கமலா உரிச்சுக் குடுத்துட்டு இருந்தா. கோயில் மணி அடிச்சுது. அப்படியே என் மேல சாஞ்சுட்டா."

பிரிஹிதா தன் கையை முகர்ந்து பார்த்தாள். மெழுகு வாசனைதான் வந்தது.

ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. யாரெலி சரியாகச் சாப்பிடவில்லை, கைக்குட்டையையும் கழற்றவில்லை. எட்டாம் நாள் ஜெபத்தின் நடுவில் அம்மாவின் காதருகே வந்தாள்.

"பெரியம்மா அங்க தனியாதானே கோழியா இருக்காங்க? கண்ணைக் கட்டிட்டு நடந்தா எங்கயாவது முட்டிக்குவாங்கல்ல?"

ஜெபமாலையின் மணி பிரிஹிதாவின் விரலிடையே நழுவியது.

பல வருஷங்களுக்கு முன்பு, பிரிஹிதாவுக்கு ஆறு வயது, காசில்தாவுக்கு ஒன்பது. இதே முற்றம்தான். கோழியாக இருந்த காசில்தா அவளைப் பிடித்து, தடவிப் பார்த்து, பெயரைச் சரியாகவே சொன்னாள். கண்கட்டுக்குப் பயந்து சித்தி மகளின் ஸ்வெட்டரை மாட்டியிருந்த பிரிஹிதா, குரலை மாற்றி "நான் இல்லை" என்றாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஒத்து ஊதினார்கள். அந்தச் சாயங்காலம் முழுக்கக் காசில்தாவே கோழி. மற்றவர்கள் பினியாத்தா உடைக்க ஓடியபோதும் அவள் கட்டை அவிழ்க்காமல் தேடினாள். துவைகல்லில் தடுக்கி விழுந்தாள். அந்தச் சுண்டுவிரல் பிறகு நிமிரவே இல்லை. அவள் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை ஜெபம் முடிந்ததும் எலோதியா சுண்ணாம்புச் சிலுவையைப் பூவால் கூட்டி ஒரு பெட்டியில் அள்ளினாள். ஊர் வழக்கப்படி அதைக் கல்லறையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எல்லாரும் தெருவில் இறங்கினார்கள்.

"நீங்க முன்னால போங்க. கதவைப் பூட்டிட்டு வரேன்" என்ற பிரிஹிதா, மகளின் முன் குனிந்து கையை நீட்டினாள். "கைக்குட்டையைக் குடு. பெரியம்மாவை நான் பாத்துக்கறேன்."

யாரெலி முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

காலடிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. பிரிஹிதா முற்றத்தின் நடுவில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். கைக்குட்டையால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தன்னைத் தானே சுற்றிக்கொண்டாள்.

பகல் வெளிச்சம் துணிக்கு வெளியே நின்றுவிட்டது. முதலில் முழங்கால் துவைகல்லில் இடித்தது. வலித்தது. நிற்காமல் நடந்தாள்.

விரல்களில் துணி பட்டது. கொடியில் ஒன்பது நாளாக யாரும் எடுக்க மனமில்லாமல் தொங்கிய மேலங்கி. தடவினாள். பையின் ஓரத்தில் குத்தி வைத்த குண்டூசிகள் இரண்டு. தோள்பட்டையில் போட்ட ஒட்டு. யாருடையது என்று கைக்குத் தெரிந்தது. பெயர் நாக்கின் நுனிவரை வந்தது.

சொல்லிவிட்டால் கோழியின் முறை மறுபடியும் அக்காவுக்குப் போய்விடும்.

பிரிஹிதா உதட்டை மூடிக்கொண்டாள். பற்றியிருந்த துணியை விட்டாள். மெதுவாகத் திரும்பி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.