பீங்கான் நாய்க்குப் பின்னால் ஓர் அழைப்பிதழ்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை தபால்காரர் செய்த தவறில் பிறந்தது. வளர்த்தது என் வயிற்றெரிச்சல்.

நான் மாவிஸ். ஆறு வருடமாகத் தொலைக்காட்சிக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதுகிறேன். அதன் நாயகி வினிஃப்ரெட், ஊருக்கு முன் பெரிய மனுஷி வேஷம் போடுகிறவள். வாராவாரம் அவள் குட்டு உடையும், இங்கிலாந்து முழுக்கச் சிரிக்கும். திங்கட்கிழமைக்குள் அடுத்த பகுதியைக் கொடுத்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "சீமாட்டி ஆஷ்கம் வீட்டுத் தோட்ட விருந்துக்கு வினிஃப்ரெட்டை அழைத்து..."

(அடித்துவிட்டேன். அவளை யாரும் அழைக்கவில்லை. என்னையும்தான்.)

இரண்டாவது தொடக்கம்: பக்கத்து வீட்டு எனிட்டின் அழைப்பிதழ் தவறிப்போய் வினிஃப்ரெட் வீட்டுக் கதவிலுள்ள தபால் துளை வழியாக விழுகிறது. தங்க விளிம்பு வைத்த தடித்த அட்டை; இடது மூலையில் மையால் எழுதிய விருந்தினர் பெயர். அவள் அதைத் திருப்பிக் கொடுக்காமல், கணப்படுப்பின் மேல்பலகையில், வருகிறவர் கண்ணில் படும்படி நிறுத்துகிறாள். பெயர் இருக்கும் மூலையை மறைக்க ஒரு பீங்கான் நாய்.

(எனிட் என்ற பெயரை மாற்ற வேண்டும். என் பக்கத்து வீட்டுக்காரியும் எனிட்தான். நாயும் அவள் கொடுத்ததுதான்.)

3

வினிஃப்ரெட் இப்படிச் செய்வாளா? அவள் அற்பம்தான், திருடி இல்லையே. மூன்று வாரம் முன்பு எனிட்டின் அட்டை நிஜமாகவே என் வீட்டில் வந்து விழும்வரை என்னைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இன்று காலை என் கணவர் நார்மன் அட்டையைக் கவனித்துவிட்டார்.

"மாவிஸ், உன் பேரு எப்பலேருந்து எனிட் ஆச்சு?"

"உங்கள யாரு நாயை நகத்தச் சொன்னது?"

"விருந்து நாளைக்கும்மா. கார்டு வரும்னு சீமாட்டியே எனிட்கிட்ட நேர்ல சொன்னாங்களாம். பாவம், தொப்பியெல்லாம் வாங்கி வெச்சிருக்கா. போய்க் குடுத்துட்டு வா."

"குடுக்கறேன். டீ குடிச்சிட்டு."

நான்கு கோப்பை குடித்தேன். எனிட் ரொட்டிக்கடையில் வேலைக்கு நின்றவள். தேநீரைத் தட்டில் ஊற்றி, விருந்தாளி முன்னாலேயே சத்தமாக உறிஞ்சுவாள். அவளை அழைக்கிறார்களாம்! வாரம் தவறாமல் திரையில் பெயர் வருகிற என்னை இல்லையாம்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

4

சில முடிவுகள். பூனை தாவுகிறது, நாய் உடைகிறது, அரங்கம் சிரிக்கிறது. அல்லது வினிஃப்ரெட் அந்த அட்டையோடு விருந்துக்கே போய், வாசலில் எனிட் என்று...

(வேண்டாம். அந்த யோசனை எனக்கும் வந்தது.)

5

மதியம் நிஜ எனிட் வந்தாள், கையில் ஆரஞ்சு ஜாம். கண் நேராக மேல்பலகைக்குப் போனது.

"அடேயப்பா, உனக்கு வந்துடுச்சா! எனக்கு வரல மாவிஸ். மறந்திருப்பாங்க, விடு. என் தொப்பியப் போட்டுட்டுப் போயேன். நீலம் உனக்கு எடுப்பா இருக்கும்."

அவள் முகத்தில் துளி பொறாமையைத் தேடினேன். இல்லை. இருபது வருடமாக நான் புழுங்கியது இந்தப் பொறாமையில்லாத முகத்தைப் பார்த்துத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

"இது நான் குடுத்த நாய்தானே? தூசி பாரு."

எடுத்தாள். சட்டைக் கையால் துடைத்தாள். தேவைக்கு மேலேயே துடைத்தாள். திரும்ப வைத்தபோது நான் வைத்த இடத்தில் வைக்கவில்லை. ஓர் அங்குலம் தள்ளி வைத்தாள். நான் வைத்திருந்தபோது பெயரின் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் மறைந்துவிட்டது.

"தொப்பிய சாயங்காலம் கொண்டாரேன்," என்று போனாள். குரல் மாறியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

6

தயாரிப்பாளருக்குப் பூனை முடிவையே அனுப்பப் போகிறேன். அது சிரிக்க வைக்கும்.

இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. அட்டை இப்போது என் மடியில், தட்டச்சுப் பொறிக்குக் கீழே. வாசல் மணி அடிக்கிறது. தொப்பிப் பெட்டியோடு அவள்தான். நார்மன் என்னைப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்கப் போகிறார். நான் எழுந்து இரண்டு கையையும் நீட்ட வேண்டும். கொடுக்கவா, வாங்கவா? நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம்.