திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம்

கடை சாத்தும் நேரத்தில் தந்தி வந்தது. அதைப் படித்ததும், மறுநாள் மெட்ராஸ் போகத் தனக்காக வாங்கி வைத்திருந்த விமான டிக்கெட்டைச் சேட்டு எடுத்து நீட்டிவிட்டார். திருச்சியில் அவருடைய இரும்புக்கடையில்தான் கண்ணாயிரத்துக்கு வேலை.

"அப்பாவுக்கு சீரியஸ்னு போட்டிருக்குது. பஸ்ல போனா எப்பப் போய்ச் சேருவே? பிளேன்ல ஒரு மணி நேரம்தான்."

நல்ல மனுஷன். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. மெட்ராஸுக்கு ஒரு மணி நேரம்தான். ஆனால் அப்பா பக்கிரி இழுத்துக்கொண்டு கிடந்தது மெட்ராஸில் இல்லையே, மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய குடிசையில். மெட்ராஸிலிருந்து அங்கே திரும்பி வர வேண்டிய கணக்கைப் போட இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. விமானம் என்றால் புத்தி அப்படித்தான் மேலே பறந்துவிடுகிறது.

டிக்கெட் ஒன்றுதான். மனைவி சரஸ்வதியை விடியற்காலையில் விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

"நீ பதறாம வா. உனக்கு முன்னாடியே நான் போயிருப்பேன்" என்றான். கடைசிப் பாலை ஒரே பிள்ளை கையால் குடித்துவிட்டுத்தான் போவேன் என்று பக்கிரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

விமானம் தாமதமாகி உச்சி வேளைக்குத்தான் கிளம்பியது. மேகத்துக்குப் பயந்தோ என்னவோ அன்றைக்குக் கடலோரமாகவே போனது. அப்பா சாகக் கிடக்கும்போதும் கண்ணாயிரத்துக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குறுகுறுத்தது. அது அவனுக்கே கூச்சமாக இருந்தது. புதுச்சேரி தாண்டியதும் கீழே பாத்தி பாத்தியாக வெள்ளை தெரிந்தது.

"சார், எங்க ஊரு! அதோ எங்க உப்பளம்!" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கத்தினான்.

அவர் சிரித்தார். அதற்குள் பாத்திகள் பின்னால் போய்விட்டன. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அப்பாவைத் தாண்டி அவன் போய்க்கொண்டிருந்தான்.

மீனம்பாக்கத்தில் இறங்கி ஓடினான். திண்டிவனம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். அங்கே மரக்காணம் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தான். உப்பள வரப்பில் கால் வைத்தபோது வெயில் இறங்கிவிட்டது. குடிசைப் பக்கமிருந்து அழுகை கேட்டது.

சரஸ்வதி ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வந்தப்போ நல்லாப் பேசுனாருங்க. கண்ணாயிரம் எங்கன்னாரு. பிளேன்ல வர்றாருன்னேன். எம்புள்ள பிளேன்ல வர்றானான்னு சிரிச்சாரு. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. பால ஊத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. டம்ளரக் கிட்டக் கொண்டுபோறேன், மேல பிளேன் சத்தம் கேக்குது. அதோ வந்துட்டான், அவனே ஊத்தட்டும்னு மாமா மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. தோ வாசல்ல வந்து நிப்பீங்கன்னு நானும் டம்ளரக் கீழ வெச்சிட்டேங்க. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாரு."

அவள் மேல் தப்பில்லை. விடிகாலையில் அவளோடு அந்த பஸ்ஸில் அவனும் ஏறி உட்கார்ந்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

தலைமாட்டில் டம்ளர் அப்படியே இருந்தது. பாலில் ஆடை கட்டியிருந்தது. கண்ணாயிரம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடையை விரலால் ஒதுக்கினான்.

"அப்பா, வந்துட்டேம்பா."

மூடிய உதட்டில் ஊற்றினான். பால் உள்ளே போகவில்லை. கன்னத்தில் வழிந்து பாயை நனைத்தது.