மெஷின் வந்ததும் போகலாம்

வாழ்நாளில் ஒரு கைக்குட்டையைக்கூடக் கசக்கிப் பார்த்திராத நான்கு ஆண்கள், மலாக்கா காஜா பெராங்கில் பொன்னுதுரை வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து, எந்தச் சலவை மெஷின் நல்ல மெஷின் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி தொடங்கிச் சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கொடுக்கலாமா என்று லண்டனில் கூடிப் பேசியவர்கள்கூட இவ்வளவு தீவிரமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

பொன்னுதுரை முனிசிபல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. நேற்றுப் போட்டதை இன்றும் போட்டால் ஆபீஸ் கட்டடமே இடிந்து விழும் என்று நம்புகிறவர். அவருடைய தம்பி தியாகு செமாபோக்கில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். தனியாக என்றால் சாப்பாடு தனி, தூக்கம் தனி. அழுக்குத் துணி மட்டும் கூட்டுக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளுக்குப் பின்னால் மூட்டை கட்டி எடுத்து வந்து, "அவசரமே இல்லை அண்ணி, நாளைக்குக் குடுத்தாப் போதும்" என்பான். மூன்றாமவர் கலியாணசுந்தரம், பொன்னுதுரையோடு வேலை செய்பவர். எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும், கேட்காவிட்டாலும் இருக்கும். நான்காமவர் ஹனீபா, டவுனில் ரேடியோவும் மின்விசிறியும் விற்கிற கடைக்காரர். அவர் கடையில் ஒரு சலவை மெஷின் விலை போகாமல் நின்றது. ஆக, அந்தக் கூட்டத்தில் காரணத்தோடு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இவர்கள் பேசிய நேரமெல்லாம் பொன்னுதுரையின் மனைவி சந்திரமதி பின்கட்டுப் பைப்படியில் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கணவனின் வெள்ளை, மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, கொழுந்தனின் மூட்டை. சவுக்காரம் போட்டு, பலகையில் தேய்த்து, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு நிமிர்ந்தால் முதுகு நிமிராது. விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே கிடந்தன.

மெஷின் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பங்குனியில் ஒருநாள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் சேதுராமன் வீட்டுக்கு வந்தார். முதல் வகுப்பில் பிள்ளைகள் பிதுங்கி வழிகிறார்கள், மெர்டேக்கா, அந்தச் சுதந்திரக் கொண்டாட்டம், முடிந்ததும் இன்னொரு வகுப்பு தொடங்குகிறோம் என்றார். "உங்க வீட்டம்மா ஏழாவது பாஸ் பண்ணவங்க. கொண்டாட்டம் முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு வந்து நின்னாங்கன்னா வேலை அவங்களுக்கு. இல்லாட்டி உஜோங் பாசிர்ல ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு."

சந்திரமதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆசைப்பட்ட ஒரே வேலை அது. தாலி ஏறியதும் அந்த ஆசையையும் மற்ற துணிகளோடு மடித்து வைத்துவிட்டாள்.

பொன்னுதுரைக்குத் தலைமையாசிரியர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வரவில்லை. பெருந்தன்மையும் காட்ட வேண்டும், பெண்டாட்டி வீட்டைவிட்டு நகரவும் கூடாது. அன்றைக்கும் கூடத்தில் இருந்த கலியாணசுந்தரத்தையும் ஹனீபாவையும் தியாகுவையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"தாராளமாப் போகட்டும் சார். நானா தடுக்கிறேன்? துணி ஒண்ணுதான் தொந்தரவு. துவைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுடுறேன். மெஷின் வந்ததும் போகலாம்."

ஹனீபா நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி. ஹனீபா கடையில் இருந்தது புத்தம் புது ஜெர்மன் மெஷின். கிளேபாங் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இங்கிலீஷ் மெஷினும் விலைக்கு வந்தது. இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

"துரை வச்சிருந்த பொருளுன்னா தரமா இருக்கும்லா. அவங்க அழுக்கே நம்ம அழுக்கு மாதிரி இருக்காது" என்றார் கலியாணசுந்தரம்.

"நல்லாப் பேசுறீங்களே" என்று ஹனீபா கொதித்தார். "நாடே சுதந்திரம் வாங்குது. இந்த நேரத்துல வெள்ளைக்காரன் ஜட்டி ஓடுன தொட்டியிலயா நம்ம வேட்டிய முக்குறது?"

இந்தத் தேசபக்தியோடு அன்றைய கூட்டம் கலைந்தது. ஆனாலும் அடுத்த வாரம் எடை பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்த வாரம் நிறம். பிறகு சக்கரம் முன்பக்கம் இருப்பது வீட்டுக்கு ஆகுமா என்று ஒரு மாலை முழுக்கப் போனது.

கோப்பி கொண்டுவந்த சந்திரமதி ஒரு நாள் வாயைத் திறந்தாள். "ஹனீபா நானா, இதுல அழுக்கு போகுமா?"

ஹனீபா அவளைப் பாவம் என்று பார்த்தார். "தங்கச்சி, இது ஜெர்மன்காரன் செஞ்சது."

"மெஷின் ஜெர்மன்காரன்து. அழுக்கு நம்மளுதாச்சே."

"நீ போய் வேலையப் பாரு சந்திரா. இது டெக்னிக்கல் விஷயம்" என்றார் பொன்னுதுரை. துவைத்த தண்ணீர் எங்கே போகும் என்றும் அவள் கேட்க நினைத்திருந்தாள். டெக்னிக்கல் விஷயமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பொன்னுதுரையின் கணக்கு அவளுக்குப் புரியாமலில்லை. பேசிக்கொண்டே இருந்தால் மெஷின் வராது. மெஷின் வராவிட்டால் அவள் போக முடியாது. பள்ளி திறக்கிற நாள் போய்விட்டால் உஜோங் பாசிர் பெண் வந்து சேர்ந்துவிடுவாள். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு நாள் சத்தமில்லாமல் அழுதாள். அழுத முந்தானையையும் அவளேதான் துவைத்தாள்.

மெஷினைக் கடைசியில் கொண்டுவந்து சேர்த்தது ஐஸ்பெட்டி. ஆவணியில் தலைமைக் கிராணி வீட்டுக்குக் கரண்டில் ஓடும் ஓர் ஐஸ்பெட்டி வந்து இறங்கியது. ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. பொன்னுதுரைக்கு அன்று இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஜெர்மன் மெஷினை அனுப்பச் சொல்லிவிட்டார். வீம்பு ஒரு மனிதனை இவ்வளவு நல்ல காரியம் செய்ய வைக்கும் என்று சந்திரமதி எதிர்பார்க்கவே இல்லை.

மெர்டேக்காவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, லாரியில் மெஷின் வந்தது. வீட்டில் அதற்கு ஏற்ற பிளக் முன்கூடத்தில் மட்டுமே இருந்ததால் ரேடியோவுக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். "இவ்வளவு அழகான பொருளப் பைப்படியில வைக்கவா முடியும்?" என்று பொன்னுதுரை அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தார். வெள்ளைத் தொட்டி, அதன் தலைக்கு மேல் துணி பிழிவதற்கு இரண்டு ரப்பர் உருளைகள். சுவிட்சைப் போட்டால் உருளைகள் சுழன்று துணியை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் பிழிந்து தள்ளும்.

புது வண்டி வாங்கினால் பூஜை போடாமல் ஓட்டுவோமா? இதற்கும் சக்கரம் இருக்கிறதே! நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, மெஷினைத் தள்ளி நசுக்கினார்கள். தொட்டியின் வயிற்றில் விபூதிப் பட்டை. "இதுதான் நெத்தி மாதிரி இருக்கு" என்று கலியாணசுந்தரம் சொன்னதால் உருளைகளில் குழைத்த சந்தனமும் குங்குமமும். கடைசியாகப் பொன்னுதுரை பசாரிலிருந்து வாங்கிவந்த பச்சை மஞ்சள் கொத்தை, இலையும் கிழங்குமாக, பொங்கல் பானைக்குக் கட்டுவதுபோல உருளைச் சட்டத்தில் கட்டினார்.

சந்திரமதி முன்னால் வந்தாள். "என்னங்க, மஞ்சள அவுத்துட்டு ஓட்டுங்க. துணியோட சேந்து உள்ள போயிடும்."

"நல்ல நேரத்துல அபசகுனமாப் பேசாத."

"மங்கலப் பொருள அவுக்கிறதாவது!" என்று கலியாணசுந்தரம் காதைப் பொத்திக்கொண்டார்.

முதல் துவையல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதும் அவர் தீர்ப்புதான். மறுநாள் கடற்கரைத் திடலில் கொடி ஏற்றும்போது முனிசிபல் ஊழியர்கள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்க வேண்டும். பொன்னுதுரை தன்னிடம் இருந்த அத்தனை வெள்ளையையும் தொட்டியில் போட்டார். குடும்பத் தலைவர் கையால்தான் தொடங்க வேண்டும் என்பதால் சந்திரமதியைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவளும் மகராசியாகத் தள்ளி நின்றாள்.

மெஷின் உறுமியது. தொட்டிக்குள் தண்ணீர் சுழன்றது. நால்வரும் குனிந்து, குழந்தையைத் தொட்டிலில் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு பிழிகிற கட்டம். பொன்னுதுரை சட்டையின் கையைப் பிடித்து உருளைகளுக்கு ஊட்டினார். உருளைகள் சட்டையை இழுத்தன. பக்கத்தில் தொங்கிய மஞ்சள் இலையையும் இழுத்தன. இலைக்குப் பின்னால் கிழங்கு போயிற்று. சடசடவென்று சத்தம் கேட்டபோது தியாகு, "மெஷின் நல்லா வேலை செய்யுது அண்ணே!" என்று கை தட்டினான்.

மறுபக்கம் வந்த சட்டை கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலைகளும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல் இருந்தது. மஞ்சள், சந்தனம், குங்குமம், எதிலும் குறைவில்லை.

"பதறாதீங்க. சோடா உப்ப அள்ளிப் போட்டு மறுபடி ஓட்டுங்க" என்றார் கலியாணசுந்தரம். அள்ளிப் போட்டார்கள். சட்டையை உள்ளே தள்ளினார்கள். தொட்டித் தண்ணீர் மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு ரத்தமாகவே ஆகிவிட்டது. அத்தனை வெள்ளையும் அதில் மிதந்தன.

"கண்ணு பட்டுடுச்சு" என்று கலியாணசுந்தரம் முணுமுணுத்தார்.

சந்திரமதி எட்டிப் பார்த்தாள். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இங்கே சுண்ணாம்பின் வேலையைச் சோடா உப்பு செய்திருக்கிறது. புது மெஷின் யாருக்கும் சிரமம் வைக்காமல் தனக்குத் தானே ஆரத்தி கரைத்துக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பொன்னுதுரைக்கு மட்டும் சட்டென்று முகம் தெளிந்தது. இழவு விழுந்த வீட்டில் புதையல் கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

"இந்த மெஷின் நமக்கு ராசியில்ல. ஹனீபா, ஆளக் கூப்புட்டுத் திருப்பி எடுத்துக்குங்க. சந்திரா, நீ எப்பவும்போல கையிலயே துவைச்சிடு. பள்ளிக்கூட வேலையெல்லாம் பெறகு பாத்துக்கலாம்."

சந்திரமதியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இத்தனை மாதமும் பொறுத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கவா? முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மெஷின் வந்ததும் போகலாம்னு சொன்னீங்க. வந்துருச்சே."

"வந்தது சரியா ஓடலையே!"

"ஓடுனாத்தான் போகலாம்னு நீங்க சொல்லல. வந்ததும்னுதான் சொன்னீங்க. இவங்க மூணு பேரும் இங்கதான் உக்காந்திருந்தாங்க."

பொன்னுதுரை நண்பர்களைப் பார்த்தார். கலியாணசுந்தரம் விட்டத்தைப் பார்த்தார். ஹனீபா மெஷினைப் பார்த்தார். சந்தனம், குங்குமம், நசுங்கிய மஞ்சள். இதைத் திருப்பி எடுத்துப் போனால் யார் தலையில் கட்டுவது? பெண்கள் முன்னேற்றத்தில் அவருக்கு அந்தக் கணமே ஆழ்ந்த பற்று உண்டாகிவிட்டது.

"தங்கச்சி சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். "நான் சாட்சி. ஹெட்மாஸ்டர் முன்னாடியே சொன்னீங்கல்ல? நாளைக்கு அவரு கேட்டா நான் பொய் சொல்ல முடியாதுண்ணே. மெஷினு நல்லாத்தான் இருக்கு. துவைக்கத் தெரிஞ்சவங்க துவைக்கணும், அவ்வளவுதான். நீங்க பழகிக்குவீங்க."

"நானா?" என்றார் பொன்னுதுரை.

"பின்ன? டெக்னிக்கல் விஷயம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் சந்திரமதி. பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க மூட்டையையும் இனிமே அண்ணன்கிட்டயே குடுத்துடுங்க."

தியாகுவின் முகத்தில் ஈயாடவில்லை.

பச்சைத் தண்ணீரில் அலச அலசச் சிவப்பு இறங்கி, கனத்த மஞ்சள் மட்டும் நின்றது. அன்று பிற்பகலே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை சந்திரமதி அந்தச் சட்டையை இஸ்திரி போட்டே கொடுத்தாள். அந்தக் கடமையில் அவள் குறை வைக்கவில்லை. மஞ்சள் சட்டை, மஞ்சள் கால்சட்டையோடு பொன்னுதுரை வாசலில் இறங்கியபோது எதிர் வீட்டுச் சிவகாமசுந்தரி பார்த்துவிட்டாள். நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்கா செட்டி வீட்டுப் பெண். பேர்தான் அத்தனை தமிழ், பேச்சு மலாய்.

"அலாமா! கூனிங் மாச்சாம் ராஜா!" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

ராஜா மாதிரி மஞ்சள் என்கிறாள். மஞ்சள் இந்த நாட்டில் அரச குடும்பத்து நிறம். மலாக்காவில் சுல்தான் இல்லாத குறை பல தலைமுறைக் குறை. சுதந்திர தினத்தன்று முனிசிபல் ஆபீஸ் அதைத் தீர்த்துவைத்தது. தலைமைக் கிராணி பொன்னுதுரையைக் கடைசி வரிசையில், கொட்டகைக் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்திவைத்தார். கொடி ஏறியது, எல்லாரும் "மெர்டேக்கா!" என்று கத்தினார்கள். கூட்டத்தில் பிள்ளைகளோடு நின்ற சந்திரமதியும் கத்தினாள். அவள் கத்தியது சற்று அதிகம்தான்.

பள்ளி திறந்த அன்று வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. சந்திரமதி பசியாறிவிட்டு, நீலக்கரைச் சேலையைக் கட்டி வாசலுக்கு வந்தாள். கூடத்தில் பொன்னுதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு பின்கட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தார். தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு இப்போதுதான் விடை கிடைத்திருந்தது.

"சந்திரா, கொஞ்சம் நில்லு. எத்தனை தடவை போட்டாலும் இந்த மஞ்சள் போக மாட்டேங்குதே. என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ஈரத்தோட வெயில்ல போடுங்க. தானா வெளுத்துடும்."

பொன்னுதுரை வாளியோடு நின்றுவிட்டார். "இத அன்னிக்கே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே. இந்த வீட்டுல துணியப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் கேட்டதே இல்லையே."

சந்திரமதி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

வகுப்பில் பிள்ளைகள் பிதுங்கி வழிந்தார்கள். சேதுராமன் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். கரும்பலகையின் முன் நின்றபோது அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். விரல் நுனிகள் காய்ந்திருந்தன. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலகைப் பக்கம் திரும்பி, பெரிதாக ஓர் 'அ' எழுதினாள்.