துடைத்த கம்பி

எங்கள் வீட்டுக்காரர் காரில் ஆயில் பார்க்கிறார் என்றால் அது ஒரு தனி வைபவம். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துத்தான் பானட்டைத் திறப்பார். முதல் தடவை உருவுகிற அளவுக் கம்பியை நம்ப மாட்டார். அதைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். ஆயில் டப்பாவோடு நான் பக்கத்தில் நிற்க வேண்டும். "ஊத்து" என்றால் ஊற்ற வேண்டும், "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். முப்பத்தோரு வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவர். இந்த விஷயத்தில் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை நாலு மணி இருக்கும். மறுநாள் காலையில் மகளையும் ஐந்து மாதப் பேத்தியையும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். போய்ச் சேர நாலு மணி நேரமாகும். நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னதற்கு, "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டு இவர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

கம்பியை வெளிச்சத்தில் பிடித்தார். கையைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"நல்லா எறங்கியிருக்கே. ஊத்து."

போன வாரம்தான் ஆயில் மாற்றியிருந்தோம். அதற்குள் எப்படி இறங்கும் என்று நினைத்துக்கொண்டே ஊற்றினேன். மறுபடி பார்த்தார். "இன்னும் ஊத்து." ஊற்றினேன். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

அவர் கையிலிருந்த கம்பியை எட்டிப் பார்த்தேன். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் ஏறியிருந்தது. புது எண்ணெயில் கறுப்பு இருக்காது, தேன் மாதிரி இருக்கும், சட்டென்று கண்ணில் படாது. ஆனாலும் தள்ளி நின்ற என் கண்ணில் பட்டது.

"போதும்ங்க."

"நான் சொன்னேனா?"

பேப்பரில் ஒரு சமாசாரமும் இல்லை என்று இவர் மாதக்கணக்காக அதைத் தொடாதது, தெருவில் எதிரே வருகிறவர்கள் குரல் கொடுத்த பிறகே யாரென்று கண்டுகொள்வது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வயசாக வயசாகத் திமிர் ஏறுகிறது என்று திட்டியிருக்கிறேன், பாவி.

அடுத்து நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பியை அவரிடமிருந்து வாங்கிப் பழைய துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லை. அதை உள்ளே விட்டு எடுத்த மாதிரி பாவனை செய்து அவரிடம் நீட்டினேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷனுக்குப் பரீட்சை வைத்தேன்.

"இப்ப எங்க நிக்குது, பாருங்க."

ரொம்ப நேரம் பார்த்தார்.

"கரெக்டா மேல்கோட்டுல நிக்குது. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பிடலாம்."

டப்பாவைக் கீழே வைத்தேன்.

"அது தொடச்ச கம்பிங்க."

அவர் கம்பியின் நுனியைத் தடவி, விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"வலது கண்ணு போன வருஷமே போயிடுச்சு. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இடதுல ஓரமா கொஞ்சம் தெரியும். முன்னாடி போற வண்டிய வச்சு ஓட்டிக்குவேன்."

"அந்த வண்டி போய்ப் பள்ளத்துல விழுந்தா? போன வாரம் குழந்தைக்கு ஊசி போடப் போனோமே, மடியில வச்சுக்கிட்டு பின்னாடி நான் உக்காந்திருந்தேனே! உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

"இருக்கப்போய்தான் அன்னைக்கு வேகம் இருபதத் தாண்டல."

நடந்தே போயிருக்கலாம் என்று அன்று நான் வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டே வந்தேன்.

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"சொன்னா சாவிய வாங்கி வச்சுடுவ. அப்புறம் இந்த வீட்ல எனக்கு என்ன வேலை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரமும் அடங்கவில்லை. அவரை நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும், கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

மாப்பிள்ளையிடம் இவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "நாளைக்கு நீங்களே வந்துடுங்க மாப்பிள்ளை. கார்ல ஏதோ கோளாறு" என்றேன். ஆயில் கூடிப்போன காரை எப்படியும் எடுக்க முடியாது, அதனால் அது முழுப்பொய்யும் இல்லை.

"என்ன அத்தை, மாமாவுக்கே பிடிபடாத கோளாறா?" என்று சிரித்தார் அவர்.

கேட்டுக்கொண்டே நின்ற இவர், என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"கார்ல ஒரு கோளாறும் இல்ல மாப்பிள்ளை. எனக்குத்தான் கண்ணு தெரியல. நீங்க வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. விடிஞ்சப்புறம் கிளம்புங்க, நிதானமா ஓட்டுங்க."