ஒன்பது பேரும் உள்ளோம் டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை என்றால் திருப்பூரில் அஜித்துக்கு இரண்டு வேலை. ஒன்று, துணி துவைப்பது. இன்னொன்று, ஊருக்காக மனு எழுதுவது. கரியாலூருக்கு மேலே மலையில் இருக்கும் அவன் ஊரில் பத்தாவது தேறிய முதல் ஆள் அவன்தான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவா, சாதிச் சான்றிதழா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, எதுவானாலும் "அஜித்துக்குப் போனப் போடு" என்பார்கள். பனியன் கம்பெனிக்காரர்கள் தங்கும் லைன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் போனில் அனுப்புவான். கரியாலூர் ஜெராக்ஸ் கடையில் அது தாளாக வெளியே வரும்.

அவன் எழுதுவதில்லை, பேசுகிறான் என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் போன் எழுதிக்கொள்ளும். கொரோனா வருஷத்தில் பரீட்சையே இல்லாமல் எல்லோருக்கும் தேர்ச்சி போட்டுவிட்டபோது தேறியவன் அவன். கையால் நாலு வரி எழுதச் சொன்னால் அவனுக்கு வேர்த்துவிடும்.

அன்றைக்குப் போனில் வந்தவர் பெரியப்பா வீரமுத்து. ஊர்க்காரியம் எதுவென்றாலும் முன்னால் நிற்பவர்.

"அஜித்து, இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"துணி தொவைக்கிறேன் பெரிப்பா."

"அத்த அப்பறம் தொவைச்சிக்க. அருள்மொழி டீச்சர் மேல ஒரு மனு எழுதணும். நாளைக்கிக் கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கற நாளு. நானும் ஒங்கப்பனும் மொத பஸ்சுக்குப் போறோம்."

அஜித்தின் கையிலிருந்து சோப்பு நழுவி வாளிக்குள் விழுந்தது. "டீச்சர் மேலயா? இன்னாத்துக்கு?"

"ஒன் தங்கச்சி எழில்மதியோட சேத்து அஞ்சு புள்ளைங்க ஒம்போதாவது சேரப் போச்சிங்க இல்ல? கீழ இஸ்கூல்ல ஒரு பக்கத்தக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்களாம். எழுத்துக் கூட்டிக்கினு நிக்குதுங்க. எட்டு வருஷமா இன்னா கத்துக் குடுத்தாங்கன்னு எல்லார் எதுரயும் கேட்டுட்டாங்கடா. ஒங்கம்மா அங்கியே அழுதுடுச்சு. கொரோனாவுல அந்தம்மா சங்கராபுரத்துல வூட்டோட உக்காந்துக்கினு பாடமே எடுக்கல. அத்த நல்லா அழுத்தி எழுது. வேற ஊருக்கு மாத்தச் சொல்லு."

"நல்லா விசாரிச்சீங்களா பெரிப்பா?"

"விசாரிக்க இன்னா இருக்குது? புள்ளைங்க வாயத் தொறந்தா தெரிஞ்சிபோவுது. நாலு மணிக்கு எல்லாரும் பாறையாண்ட வர்றாங்க. எங்களுக்கு ஏது படிப்பு? எழிலு படிச்சிக் காட்டும், கேட்டுட்டு ஒரு தாள்ல கையெழுத்து வெச்சிருவோம். ஒன் மெசேஜெல்லாம் ஒங்கம்மாவுக்கு அதான எழுத்துக் கூட்டியாவது படிச்சிக் காட்டுது."

பாறை என்றால் ஊருக்கு வடக்கே இருக்கும் சிக்னல் பாறை. இன்றைக்கும் அந்த ஊரில் போன் பேச அதன் உச்சிக்குத்தான் ஏற வேண்டும்.

கையைத் துடைத்துக்கொண்டு அஜித் அறைக்குள் வந்தான். கட்டிலில் தமிழழகன் படுத்துக் கிடந்தான். கருணாபுரத்துக்காரன், இவனோடு ஒரே கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவன்.

"இன்னா வக்கீலு, கேசு வந்துச்சா? நீ பேசு பேசுன்னு பேசற, போனு எழுதுது. பேரு மட்டும் ஒனக்கு."

அஜித் மைக்கைத் தொட்டான். "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, எங்கள் ஊர்ப் பொதுமக்கள் பணிவுடன் எழுதிக்கொள்வது" என்று தண்ணீர் ஓடுவது மாதிரி ஓடியது. எத்தனை மனு! வாய்க்குப் பழகிவிட்டது. "எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி ஆசிரியை அருள்மொழி அவர்கள், கொரோனா காலத்தில்" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. போன் கொஞ்ச நேரம் காத்திருந்து தானே அணைந்தது.

அந்த வருஷம் பஸ் நின்றுபோனதும் அருள்மொழி டீச்சர் ஸ்கூட்டியிலேயே மலை ஏறி வந்தார். தன் போனை அஜித்தின் கையில் வைத்தார். அவரிடம் எட்டாவது வரை படித்தவன், ஊரில் பெரிய பையன் என்று அவன்மேல் நம்பிக்கை. "எங்க வூட்டுக்காரரு போன்ல இருந்து பாடம் பேசி அனுப்பறேன். தெனம் பத்து மணிக்கு இந்த ஒம்போது பிள்ளைங்களையும் பாறைக்குக் கூட்டிப்போயி போட்டுக் காட்டு. வந்தவங்க கணக்கும் நோட்டுப் போட்டோவும் அனுப்பு. இங்க நீதான் எனக்கு டீச்சர்" என்றார்.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் அந்தப் போனில் ஒரு சண்டை விளையாட்டு ஏறியது. பாடமும் விளையாட்டும் அந்த ஒரு பாறையில்தான். பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்தால், "இன்னிக்கு சிக்னல் இல்ல, போங்க" என்பான். அவர்கள் ஆடு மேய்க்கவும் கடுக்காய் பொறுக்கவும் குதித்துக்கொண்டு ஓடுவார்கள். அவன் முந்தின நாள் அனுப்பியதையே மறுபடி தொட்டு அனுப்புவான்: "ஒன்பது பேரும் உள்ளோம் டீச்சர்." ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உட்கார வைத்துப் புத்தகத்தைப் பார்த்து வாரத்துக்கு வேண்டிய பக்கங்களை எழுத வைப்பான். படிக்கத் தெரியாமலே, கோலம் போடுவது மாதிரி எழுதுவார்கள். அந்தப் போட்டோக்களுக்கு டீச்சர் நட்சத்திரம் அனுப்புவார்.

பள்ளி திறந்ததும் கேட்டார். "எல்லாப் பாடமும் முடிச்சிட்டீங்களா அஜித்?"

"முடிச்சிட்டோம் டீச்சர்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி அடுத்த வகுப்புப் புத்தகத்தைத் திறந்தார். பிள்ளைகள் விழித்தபோது மறந்துபோயிருக்கும் என்று நினைத்தார். கடைசி பஸ் வரை உட்கார வைத்துப் பார்த்தார். எட்டு வகுப்புக்கும் அவர் ஒருத்தர்தான். அஜித் அதற்குள் திருப்பூர் வந்துவிட்டான்.

"இன்னாடா, பேட்டரி தீந்துபோச்சா ஒனக்கு?" தமிழழகன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வெளிய போறியா?"

"வெயில்ல எங்க போவச் சொல்ற? ஊருக்கே கேக்கற மாதிரி மனு பேசுவ, இப்ப இன்னா வெக்கம்?"

அஜித் விரலாலேயே எழுதப் பார்த்தான். ஒரு வரி வருவதற்குள் ஏழு முறை அழித்தான். எழுதியது அவனுக்கே புரியவில்லை. மணி நாலு ஆகப்போகிறது. மனு போகாவிட்டால் பெரியப்பா வேறு யாரையாவது வைத்து எழுதிவிடுவார். பேசித்தான் ஆக வேண்டும். தமிழழகனுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முதலில் பேசியதை அழித்தான்.

"பெரிப்பா, இது மனு இல்ல. டீச்சர் தினமும் பாடம் அனுப்பினாங்க. நான்தான் போட்டுக் காட்டல. சிக்னல் இல்லைன்னு சொன்னது பொய். அவங்க போன்ல நான் கேம் ஆடினேன்."

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. தமிழழகன் சிரிப்பான் என்று காத்திருந்தான். சிரிப்புச் சத்தம் வரவில்லை. ஃபேன் சத்தம்தான்.

"ஒன்பது பேரும் வந்தாங்கன்னு தினமும் பொய்க் கணக்கு அனுப்பினேன். எழில்மதிக்குப் படிக்க வராதது டீச்சரால இல்ல. என்னால. டீச்சரை மாத்தச் சொல்லாதீங்க."

அனுப்பினான். நீலக் குறி வந்தது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"வந்துடுச்சிடா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீயும் கேளு" என்றார் பெரியப்பா. பாறை மேல் காற்றும் ஆட்கள் பேசுவதும் கேட்டன. "எல்லாரும் சும்மா இருங்க. எழிலு, படிம்மா."

"பெ...ரிப்...பா, இது... ம...னு... இல்...ல."

"இன்னாது?"

"அப்படித்தான் இருக்குது பெரிப்பா." மறுபடி தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி வந்தாள். "பொய்" என்பதைச் சேர்க்க அவளுக்கு இரண்டு மூச்சு பிடித்தது. அவன் ஒரு நிமிஷத்தில் பேசியது, அவள் வாயில் மலைப்பாதையில் பஸ் ஏறுவது மாதிரி ஏறியது. பேச்செல்லாம் அடங்கிவிட்டது.

"எ...ழில்...ம..."

நின்றுவிட்டாள்.

"போதும் எழிலு, வெச்சிடு" என்றார் பெரியப்பா.

"இருங்க பெரிப்பா. இன்னும் கொஞ்சம் இருக்குது." அழுகிறாளா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசி எழுத்து வரை படித்தாள்.

"சிக்னல் இல்லன்னுதானடா எங்கிட்டயும் சொன்ன?" அம்மா லட்சுமியம்மாளின் குரல். "ஒன்ன நம்பி நான் ஊரெல்லாம் அந்தம்மாவத் திட்டிக்கினு இருந்தனே."

"இதெல்லாம் நீ எழுதினியாண்ணா?" என்றாள் எழில்மதி.

"இல்ல எழிலு. எனக்கு எழுத வராது. பேசினா போனே எழுதிக்கும். மனுவெல்லாம் அப்படித்தான்."

பாறையில் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். பெரியப்பா நீளமாகச் செருமினார். "நாளைக்கிக் கள்ளக்குறிச்சிக்கு யாரும் போவல. செவ்வாக்கெழம காலைல டீச்சர் பஸ்ஸ வுட்டு எறங்கும்போது நீ அங்க நிக்கணும். போன்ல வேணாம். வாயால சொல்லணும்."

"வர்றேன் பெரிப்பா."

"பின்னாடி நின்னவங்களுக்குச் சரியா கேக்கல. எழிலு, மொதல்ல இருந்து படி."

சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது அஜித்தின் கட்டை விரல். தமிழழகன் சத்தமில்லாமல் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் வெளியே போனான்.

"பெ...ரிப்பா, இது மனு... இல்ல" என்று எழில்மதி தொடங்கினாள்.

அவன் அணைக்கவில்லை.