குறையாத சொம்பு

காலையில் உப்பளத்துக்குக் கிளம்பும்போது சுப்ராயன் கட்டில் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் போவான். சாயங்காலம் திரும்பும்போது அது அப்படியே இருக்கும். அவன் கண்ணில் அது படவே இல்லை.

கட்டிலில் இருப்பவள் அவன் மனைவி ரேணுகா. கர்ப்பப்பைக்குக் கீழே ஒரு வாய் உண்டு. பிள்ளை முதிரும்வரை அது இறுகி மூடியிருக்க வேண்டும். ரேணுகாவுக்கு ஐந்தாம் மாதத்திலேயே, வலிகூடக் காட்டாமல், அது நெகிழ்ந்துவிடும். இரண்டு பிள்ளைகள் அப்படித்தான் போயின. இந்த முறை புதுச்சேரியில் டாக்டர் அந்த வாயைச் சுற்றித் தடித்த நூலை ஓட்டி, சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல இழுத்து முடிச்சுப் போட்டார். ஒன்பதாம் மாதம் முடிச்சை வெட்டிவிடுவார்கள். வாய் தானாக நெகிழ்வதை நூல் தடுக்கும். ஆனால் கர்ப்பப்பையே இறுகி மேலிருந்து அமுக்கினால் நூல் சதையை அறுத்துவிடும். வயிறு கல்லாக இறுகினால் உடனே போன் செய்யச் சொன்னது அதற்குத்தான்.

பாரம் தூக்காதே, அளத்துக்குப் போகாதே என்றுதான் டாக்டர் சொன்னார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று ரேணுகா தானே சேர்த்துக்கொண்டாள். தெருவே அளத்துக்குப் போய்விட்டால் பேச ஆளில்லை. ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அன்று மதியம் காலமில்லாத காலத்தில் மேகம் கறுத்தது. குவித்த உப்பை மூட எல்லோரும் தார்ப்பாயோடு ஓடினார்கள். பக்கத்து வீட்டு ஜெயா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"நீ படு மகாராணி. உன் பங்குக்கும் நானே ஓடுறேன்."

அவள் போன பிறகு ரேணுகாவுக்கு வயிறு இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது.

சுப்ராயனின் போன் அளத்தில் சைக்கிள் பையில் தொங்கும், எடுக்க மாட்டான். ஊர் நர்ஸ் கலைமதியைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு எவ்ளோ தண்ணி குடிச்ச?"

"நாக்க நனைச்சுக்கினேன்க்கா."

"ஏன்?"

"குடிச்சா எழுந்து போவணுமே."

உப்பளத்தில் ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. அங்கே வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவர்கள். வீட்டிலும் ரேணுகா அதையே செய்தாள். உடம்பு வறண்டால், அடக்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்தால், கர்ப்பப்பை எரிச்சலாகி இறுகும்.

"தையல் போட்டது டாக்டரு, அத்த இழுக்கிறது நீயா? குடி மொதல்ல. நான் வண்டி அனுப்புறேன்."

ரேணுகா எழுந்து உட்கார்ந்து, சொம்பை வாயிலிருந்து எடுக்காமல் குடித்தாள்.

ஆம்புலன்ஸ் உப்பளத்தைக் கடக்கையில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்களுக்கு நடுவே சின்னச் சின்னதாக ஆட்கள் குனிந்திருந்தார்கள். அவர்களில் யார் தன் புருஷன் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸும் மருந்தும் ஏறின. விளக்கு வைக்கும் நேரத்தில் வயிறு தளர்ந்து மெத்தென்று ஆனது. போன் அடித்தது.

"எங்க இருக்க? ஊட்ல ஆளக் காணோம். சொம்பு காலியா கெடக்குது."

"ஆஸ்பத்திரில. முடிச்சு அப்படியே இருக்குதாம்."

மழைச் சத்தத்தோடு அவன் சைக்கிளை வெளியே தள்ளும் சத்தமும் கேட்டது.

"உப்பு?" என்றாள்.

"பாதி போச்சு," என்றான். "தண்ணி குடிச்சியா?"