திரும்பி வந்த மனு

மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டிக்கு மேலே வக்கீல் ராமபத்ரனின் ஆபீஸ். அவருடைய குமாஸ்தா இசக்கிதுரை தாக்கல் செய்த மனு எதுவும் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஸ்டாம்பு, கையெழுத்து, நகல் எல்லாம் கனகச்சிதமாக இருக்கும். அப்பேர்ப்பட்ட ஆளின் சொந்த மனு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. அவனும் மனைவி பாண்டிச்செல்வியும் மனமொத்துப் பிரிவதற்காகச் சேர்ந்து கொடுத்த மனு.

முதலில் கல்யாணச் சான்றிதழ் நகல் இல்லை. அப்புறம் ஒரு பக்கத்தில் அவன் கையெழுத்து இல்லை. இப்போது கோர்ட் ஸ்டாம்பே ஒட்டவில்லை.

"எடோ இசக்கி, நிண்டெ மனு மட்டும் எந்தா இப்படி மடங்கி மடங்கி வருது?" என்றார் ராமபத்ரன்.

"மறந்துட்டேன் சாரே."

மறதியாவது மண்ணாங்கட்டியாவது! வேண்டுமென்றே விட்டதுதான். குறை சொல்லித் திருப்பினால் சில வாரம் தள்ளிப்போகும். அந்தச் சில வாரமும் அவள் அவன் மனைவி. ஊரார் வழக்குக்கெல்லாம் ஓடி ஓடி உழைத்தவனுக்குத் தன் வழக்கை இழுத்தடிக்க இந்த ஒரு வழிதான் தெரிந்தது, பாவம்.

அன்று சாயங்காலம், வக்கீல் கிளம்பிய பிறகு, பாண்டிச்செல்வி ஆபீசுக்கே வந்துவிட்டாள். சுள்ளிக்கல்லில் அக்கா வீட்டோடு இருக்கிறாள்.

"நீங்க குடுத்த பேப்பர் என்னைக்காவது திரும்பி வந்திருக்கா? வேணும்னுதானே செய்யுதீய?"

சாயா வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம். வயித்துல பிள்ளை அசையலைன்னு அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து எத்தனை தடவை போன் பண்ணுனேன்?"

அவனுக்கு மறக்குமா? யாரோ ஒருவரின் அப்பீலுக்கு அன்று கடைசி நாள். 'இதைக் குடுத்துட்டு ஓடி வந்துருதேன் செல்வி' என்று சொல்லிவிட்டு எறணாகுளத்துக்குப் போட் ஏறினான். அப்பீல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ஆண் குழந்தை. அவள் தனியாகப் பெற்று, தனியாக அதன் முகத்தைப் பார்த்திருந்தாள்.

"யாரோ ஒருத்தருக்கு ஒரு குறையும் இல்லாம செஞ்சு குடுத்தீயல்லா? எனக்கும் அப்படிச் செஞ்சு குடுங்க. வேற ஒண்ணும் உங்ககிட்ட கேக்கல."

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அவள் எதிரிலேயே ஸ்டாம்பை ஒட்டினான். பக்கம் பக்கமாகச் சரிபார்த்தான். கை பழக்கத்தில் வேலை செய்தது. கண்ணைத்தான் அடிக்கடி நீர் மறைத்தது. இந்த முறை மனு திரும்பவில்லை.

சட்டம் சொல்லும் ஆறு மாதக் காத்திருப்புக் காலம் முடிந்து, கோர்ட் வராந்தாவில் டவாலி கூப்பிட்டார்: "இசக்கிதுரை, பாண்டிச்செல்வி!"

கல்யாணப் பத்திரிகையில் சேர்ந்து வந்த அந்த இரண்டு பெயரையும் ஒருவர் இப்படிச் சேர்த்துக் கூப்பிட்டுக் கேட்டது அன்றுதான். எத்தனையோ கட்சிக்காரர்களுக்காக 'வந்திருக்காங்க' என்று குரல் கொடுத்தவன், கையிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள்தான் எழுந்தாள்.

"ரெண்டு பேரும் வந்திருக்கோம்."